மூசா ஊர்ப் பாடகன்

2022ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை உலக சமூகத் தொடர்பு நாளாகக் குறித்திருந்த நாள் அது. இதயத்தின் செவியால் கேட்பது என்பதையே திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வாண்டின் கருப்பொருளாகத் தந்திருந்தார். அன்று மாலை, பஞ்சாப் மாநிலத்து மான்சா மாவட்டத்தில், ஜவாகர்கே என்னும் சிற்றூரின் சாலையில், தம் வண்டியைத் தாமே ஓட்டிச் சென்ற இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு கடந்தும் கடல் கடந்தும் மக்கள் செவிமடுத்த குரல் ஒன்று அங்கே ஓய்ந்தது. இருபத்தொன்பது வயது நிறைவதற்கு அவருக்கு இன்னும் பதின்மூன்று நாள்களே இருந்தன.

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் சுப்தீப் சிங் சித்து. உலகம் அறிந்த பெயரோ சித்து மூஸ்வாலா. மூசா என்னும் ஊரைச் சேர்ந்தவன் என்பது அதன் பொருள். பட்டுக்கோட்டை என்றும் பாபநாசம் என்றும் ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்ட பாவலரை அறிந்த நமக்கு இவ்வழக்கம் அந்நியமானதன்று.

பஞ்சாபில் பிறந்து பஞ்சாபில் மடிந்த ஒரு பாடகரைப் பற்றி நாம் இம்மலையில் இருந்து எண்ணிப் பார்ப்பது ஏன் என்று வாசகர் கேட்கலாம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வரும் வண்டிகள் ஒண்டிக்கடைச் சந்திப்பை அடைகின்றன. கோடைக்காலத்தில் அங்கு நின்றால், வண்டிகளின் உள்ளிருந்து எத்தனையோ மொழிப் பாடல்கள் காதில் விழும். இம்மலையின் விடுதிப் பள்ளிகளில் பல மாநிலப் பிள்ளைகள் பயில்கின்றனர். காப்பித் தோட்டத்து இளைஞன் கையிலும் கைப்பேசி இருக்கிறது. உலகின் எம்மூலையில் பாடப்பட்டதும் அன்றே இங்கு வந்து சேர்கிறது. நம் பிள்ளைகளின் செவிகளில் நிறைவது எது என்பதை அறியாமல் அவர்களுடன் பேசப் புகுவது எப்படி?

இவர் பாடிய வகைக்கு ராப் என்று பெயர். பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையில் நிற்பது அது. தாளம் விடாமல் ஒலிக்க, எதுகையும் இயைபும் அடுக்கடுக்காய் வர, பாடுபவன் தன்னையும் தன் தெருவையும் தன் பகையையும் பற்றி உரத்துச் சொல்வான். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின மக்களிடையே நடந்த ஒரு விருந்தை, இக்கலை பிறந்த ஹிப்ஹாப் இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்வர். லாவணியில் எதிர்க்கட்சியை மடக்கிப் பாடியதையும், வயலில் எசப்பாட்டுப் பாடியதையும் அறிந்த தமிழருக்கு இதன் உயிர்நிலை விளங்காமல் போகாது. மலேசியத் தமிழரான யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பின் வழியே இக்கலை நம் மொழியிலும் பரவலாக வேரூன்றியது.

சித்து 1993ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிறந்தார். தந்தை பல்கௌர் சிங் முன்னாள் படைவீரர்; தாய் சரண் கௌர். மகன் லூதியானாவின் குருநானக் தேவ் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 2016இல் பட்டம் பெற்றார். பின்னர், பஞ்சாப் இளைஞர் பலரையும் போலக் கனடா சென்று பிராம்ப்டன் நகரில் தங்கினார். மற்றொரு பாடகருக்குப் பாட்டெழுதிக் கொடுத்ததே அவருடைய முதல் அறிமுகம். 2017இல் வெளிவந்த 'சோ ஹை' என்னும் பாட்டு அவரை ஒரே ஆண்டில் புகழின் உச்சியில் ஏற்றியது. 2018இல் வந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பு, கனடாவின் பில்போர்டு பட்டியலில் இடம் பெற்றது. அதே ஆண்டு இறுதியில் அவருடைய தாய் மூசா ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழ் பெற்றவர் பலர் ஊரை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்வதே உலக வழக்கு. இவரோ கனடாவை விட்டு ஊருக்குத் திரும்பி, பெற்றோருடன் வாழ்ந்து, டிராக்டர் ஓட்டினார். வேலையின்றி வெளிநாட்டுக் கனவோடு நின்ற பஞ்சாபின் சிற்றூர் இளைஞர் அவரைத் தம்முள் ஒருவராகக் கண்டனர்.

இனி, சொல்லியே ஆக வேண்டிய மற்றொரு பக்கம் உண்டு. அவருடைய பாடல்களில் துப்பாக்கி மலிந்திருந்தது. ஆயுதம் ஆண்மையின் அடையாளமாகவும், பகை பெருமையின் அளவுகோலாகவும் பாடப்பட்டன. அவர் ஒருவர் மட்டும் அப்படிப் பாடவில்லை. மது, போதைப்பொருள், வன்முறை ஆகியவற்றைப் போற்றும் பாடல்கள் இசைக்கப்படாமல் காவல்துறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் ஆணையிட்டது. நோய் அத்தனை பரவியிருந்தது. அவ்வாண்டிலேயே, 1705ஆம் ஆண்டின் முக்த்சர் போரில் நாற்பது வீரரை வழிநடத்திய சீக்கிய வீராங்கனை மாயி பாகோவின் பெயரைப் பொருந்தாத இடத்தில் பாட்டில் சேர்த்தார் என்ற கண்டனம் எழுந்தது. சித்து மன்னிப்புக் கேட்டார். 2020இல், ஊரடங்கு நாள்களில், காவலர் உடனிருக்க அவர் துப்பாக்கி சுட்ட காணொளி வெளியாகி வழக்கானது. அதன் பின்னரும் அவ்வழக்கையே பெருமையாக்கி ஒரு பாட்டு வெளியிட்டார். மற்றொரு வழக்கும் வந்தது.

ஆயினும், துப்பாக்கியோடு அவர் குரல் நின்றுவிடவில்லை. 2020இல் தொடங்கிய உழவர் போராட்டத்தில் அவர் உழவர் பக்கம் நின்றார். 2021இல் வெளிவந்த '295' என்னும் பாட்டு, அவர் பாடியவற்றுள் முதிர்ந்த ஒன்றாகப் பலராலும் கருதப்படுகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சமயம் தொடர்பான குற்றங்களைச் சொல்லும் பிரிவின் எண்ணே அதன் தலைப்பு. மனத்தில் பட்டதைப் பேசுபவர், சமய உணர்வைப் புண்படுத்தினார் என்ற வழக்குக்கு ஆளாகும் நிலையை அது பேசுகிறது. அச்சட்டத் தொகுப்பு 2024 ஜூலை முதல் நாளோடு வழக்கொழிந்து, புதிய நியாயச் சட்டம் வந்துவிட்டது. பாட்டு எழுப்பிய வினாவோ அப்படியே இருக்கிறது. சிறுபான்மை மக்களாய் வாழும் நமக்கு அவ்வினாவின் கனம் தெரியும்.

2021 டிசம்பரில் காங்கிரசில் சேர்ந்தார். மறு ஆண்டு மான்சா தொகுதியில் நின்று, 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். பாட்டுக்குக் கூடிய கூட்டம் வாக்காக மாறவில்லை. மே 28ஆம் நாள் பஞ்சாப் அரசு 424 பேரின் காவற்பாதுகாப்பைக் குறைத்தது அல்லது விலக்கியது; அவர்களில் சித்துவும் ஒருவர். அவருக்கு இருந்த நான்கு காவலர் இருவரானார்கள். மறுநாள் அந்த இருவரையும் விட்டுவிட்டு, நண்பர் இருவருடன் புறப்பட்டார். குற்றக் கும்பலொன்று வழியில் காத்திருந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கனடாவில் இருந்த ஒருவன் அக்கொலைக்குத் தானே பொறுப்பு என்று சமூக ஊடகத்தில் அறிவித்தான்.

மே 31ஆம் நாள் மூசாவில் நடந்த இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சியில் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். விரைவில் மணமுடிக்க இருந்த பிள்ளையை மணமகன் போல் ஒப்பனை செய்தனர். தாய் அவருடைய தலைமுடியைக் கடைசி முறையாக வாரிவிட்டார். அவர் விரும்பி ஓட்டிய டிராக்டரிலேயே உடல் வயலுக்குச் சென்றது. தந்தை, கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன் தம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்தி நின்றார். சீக்கியர் ஒருவருக்குத் தலைப்பாகை என்பது அவருடைய மானமே. மகனை இழந்தவர், தம் துயரத்தில் பங்குகொள்ள வந்தவர்க்கு அதைவிடப் பெரிதாக எதைக் காட்ட முடியும்?

அவர் மறைவுக்கு இரு வாரம் முன்பு வெளிவந்த பாட்டு 'த லாஸ்ட் ரைட்'. அமெரிக்க ராப் பாடகர் துபாக் ஷகூர், 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் காரில் செல்லும்போது சுடப்பட்டு, ஆறு நாள் கழித்து இருபத்தைந்து வயதில் இறந்தவர். அவருடைய அந்தக் காரின் படமே சித்துவின் பாட்டுக்கு முகப்பாக அமைந்தது. துபாக்குக்குப் பின் ஆறு மாதத்தில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்ற பாடகரும் இருபத்து நான்கு வயதில் அதே வகையில் மாண்டார். பஞ்சாபும் இதை முன்பே கண்டிருந்தது. 1988 மார்ச் 8ஆம் நாள், மக்கள் பாடகர் அமர் சிங் சம்கீலாவும் அவர் மனைவி அமர்ஜோத்தும் பாடச் சென்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சம்கீலாவுக்கு வயது இருபத்தேழு. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பாடகரைக் கொன்றவர் தப்பிவிடலாம் என்னும் பாடத்தை அந்த மண் அன்றே கற்றுவிட்டது.

இங்கே நம் மனம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை நாடுகிறது. 1930இல் பிறந்து, 1959 அக்டோபரில் இருபத்தொன்பது வயதில் மறைந்தவர் அவர். திரைப்படங்களுக்கு அவர் பாட்டெழுதியது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளே. சித்து பாடியதும் அத்துணைக் காலமே. இருவரும் உழவர் குடியில் பிறந்து, ஊர்ப் பெயரால் அறியப்பட்டவர்கள். ஒருவரை நோய் கொண்டது. மற்றவரைத் துப்பாக்கி கொண்டது. உழைப்பவனின் வியர்வையைப் பாடியவர் ஒருவர். உழவனின் வீறாப்பையும் வெஞ்சினத்தையும் பாடியவர் மற்றவர். சித்துவுக்கு இன்னும் இருபது ஆண்டுகள் கிடைத்திருந்தால், '295' காட்டிய வழியில் அவர் எங்கே சென்றிருப்பார்? கொலைகாரர் ஒரு மனிதனை மட்டும் கொல்வதில்லை. அவன் மனம் திரும்பவும் முதிரவும் இருந்த காலத்தையும் கொல்கின்றனர். கிறிஸ்தவர் என்ற முறையில் நாம் அஞ்ச வேண்டிய இழப்பு இதுவே.

வாளை எடுத்தவன் வாளால் மடிந்தான் என்று அவருடைய உடலின் மேல் தீர்ப்பு எழுதியவர் பலர். விவிலியச் சொல்லை அவ்வாறு எடுத்தாள்வதற்கு முன், அது யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று நாம் எண்ணிப் பார்ப்பது நல்லது. கெத்சமனியில் ஆண்டவர் அதைச் சொன்னது பிணத்தின் முன் அன்று. தம் அன்புச் சீடனிடம், வாளை உறையில் இடுமாறு, அவன் உயிரோடு இருக்கும்போதே சொன்னார். அது தீர்ப்பன்று, காப்பு. அன்று அந்த வாளால் அறுபட்டது ஓர் ஊழியனின் செவி. அச்செவியைத் தொட்டு ஆண்டவர் நலமாக்கினார் என்று லூக்கா கூறுகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பிறரினும் பெரும் பாவிகள் என்று எண்ணியவரையும் அவர் கண்டித்துத் திருத்தினார். மாண்டவனின் கணக்கைப் பார்ப்பதை விடுத்து, வாழ்பவர் மனம் திரும்ப வேண்டும் என்பதே அவர் தந்த பாடம்.

திரும்ப வேண்டியவர் யார் யார்? பகையைப் பாட்டாக்கி விற்ற வணிகம். அதை வாங்கி மகிழ்ந்த கூட்டம். சிறைக்குள் இருந்தும் கடல் கடந்தும் கும்பல்கள் இயங்க இடம் கொடுத்த அமைப்புகள். 2022 நவம்பரில், ஆயுதங்களைப் போற்றும் பாடல்களுக்கும் அவற்றைப் பொதுவில் காட்சிப்படுத்துவதற்கும் பஞ்சாப் அரசு தடை விதித்தது. அத்தடை அவர் மறைந்து ஐந்து மாதம் கழிந்த பின்னர் வந்தது. 2023 மார்ச்சில் பெற்றோர் இருவரும் நீதி கேட்டுச் சட்டமன்றத்தின் வெளியே அமர்ந்தனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் மீது மான்சா நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை வரைந்தது 2024இல்தான்.

அவருடைய குரல் மட்டும் நிற்கவில்லை. சட்லெஜ்-யமுனை இணைப்புக் கால்வாய் பற்றிய பாட்டு 2022 ஜூனில் வெளியாகி, சில நாள்களிலேயே இந்தியாவில் யூடியூபிலிருந்து நீக்கப்பட்டது. காவிரி நீருக்காக ஏங்கிய நமக்கு ஆற்று நீர் பாட்டாவதும் பாட்டு வழக்காவதும் வியப்பன்று. 2024 மார்ச்சில், ஐம்பத்தெட்டு வயதில், சரண் கௌர் செயற்கைக் கருத்தரிப்பு முறையால் ஆண் மகவொன்றைப் பெற்றார். அம்முறையைப் பற்றிய திருச்சபையின் போதனை நாம் அறிந்ததே. ஆயினும், காலியான தொட்டிலின் முன் அழுத தாயை நோக்கி முதலில் நீள வேண்டியது விரலன்று, கை. குழந்தைக்கும் சுப்தீப் என்றே பெயரிட்டனர்.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் ஓர் இளைஞன் காதில் ஒலிப்பானைப் பொருத்திக்கொண்டு ஏதோ கேட்கிறான். நாம் அதைப் பிடுங்கி வைக்கிறோம், அல்லது கண்டுகொள்ளாமல் விடுகிறோம். மூன்றாவது வழி ஒன்று உண்டு. அருகில் அமர்ந்து, அது என்ன பாட்டு, அதில் உனக்குப் பிடித்தது எது என்று கேட்கலாம். அவன் சொல்வதில் சினம் இருக்கலாம், அவமானம் இருக்கலாம், வேலையில்லாத நாள்களின் கசப்பு இருக்கலாம். அதை முழுதும் கேட்ட பின்னரே, வாளை உறையில் இடு என்று அன்போடு சொல்லும் உரிமை நமக்கு வரும். மூசா ஊர்ப் பாடகனை உலகமே கேட்டது. அவனுடைய பாட்டில் இருந்த அச்சத்தையும் வலியையும் கேட்டவர் மிகச் சிலரே.