அழுத்தக் காற்றும் பெட்ரோல் அளவும்: டீசல் பட்டறை அறிவின் எல்லை

அரியலூர் மாவட்டப் பட்டறைகளின் இன்ஜின் அறிவு பெரும்பாலும் டீசலில் விளைந்தது. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டர்போ லாரிகள் அதை வளர்த்தன. ஆண்டிமடத்தை அடுத்த வரதராஜன்பேட்டையில் ஒருவர் தம் பெட்ரோல் காருக்குச் சூப்பர்சார்ஜர் பூட்ட நினைத்தால், அந்த அறிவைத்தான் முதலில் நாடுவார். அது மதிப்புள்ள அறிவு. ஆனால் அப்படியே பெட்ரோலுக்குப் பொருத்தினால் இன்ஜின் உடையும் என்பது என் வாதம்.

டீசலில் எரிபொருள் மிகுந்தால் கரும்புகை காட்டிக்கொடுக்கும்; குறைந்தால் இழுவை குறையும், அவ்வளவுதான். அழுத்தக் காற்று ஏறும் பெட்ரோல் இன்ஜினில் ஆபத்து எரிபொருள் குறைவதில் இருக்கிறது. அதற்குப் புகையும் கிடையாது. எத்தனால் கலவாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். முழுச் சுமையில் பாதுகாப்பு கருதி இந்த விகிதத்தை 11.5 முதல் 12 வரை வைப்பது வழக்கம். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகி எரியறையைக் குளிர்விக்கிறது. அங்கிருந்து 12.5 பக்கம் நகர்த்தினால் வண்டி இன்னும் நன்றாக இழுக்கும். ஓட்டுபவர் மகிழும் அந்தத் திசையிலேயே நாக்கிங்கும் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடித்தெரிவதும்) காத்திருக்கிறது. காதை நம்பி அளவு வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

மடிக்கணினியில் மேப்பை (எரிபொருள் அளவு அட்டவணையை) திருத்துவதற்கு முன் பெட்ரோல் வரும் வழியைக் கணக்கிட வேண்டும். 0.5 பார் பூஸ்ட் என்றால், சூட்டால் வரும் இழப்பை விட்டுவிட்டால், காற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பெட்ரோலும் அவ்வளவு வேண்டும். இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே அழுத்தத்தை மட்டும் கூட்டி ஒன்றரை மடங்கு பெற, வழக்கமான 3 பாரை 6.75 பாராக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தரும் அளவோ குறையும். ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து குழாய் கொடுக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: 0.5 பார் பூஸ்டில் வேறுபாடு 2.5 பாராகி, பாய்ச்சல் சுமார் 9 சதவீதம் குறையும். பெரிய இன்ஜெக்டரும் தகுந்த பம்பும் செலவுதான். பிஸ்டன் அதைவிடப் பெரிய செலவு.

நம் பங்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இக்கணக்கை மேலும் இறுக்குகிறது. அதற்குத் தேவையான காற்று விகிதம் சுமார் 13.5. பழைய பெட்ரோலுக்கு எழுதிய மேப், ஆக்சிஜன் சென்சாரின் திருத்தம் இல்லாத முழுச் சுமையில், கலவையை ஏறக்குறைய 8 சதவீதம் மெலிதாக்கிவிடும். எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் ஓரளவு காக்கும். அதை நம்பி பெட்ரோல் அளவைக் குறைவாகவே விட்டுவிடக் கூடாது.

கலவை விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் இன்றியமையாதது; ஆயினும் அது காட்டுவது சராசரி. நான்கில் ஓர் இன்ஜெக்டர் 8 சதவீதம் குறைவாகத் தெளித்தால், 12 இருக்க வேண்டிய அளவு மீட்டரில் 12.2 என்றே தெரியும். அந்த ஒரு சிலிண்டர் 13இல் எரிந்துகொண்டிருக்கும். இங்கேதான் டீசல் பட்டறையின் இன்னொரு பழக்கம் கைகொடுக்கிறது. பம்ப் சர்வீஸ் கடைகள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, பெஞ்சில் அளந்து சமப்படுத்துகின்றன. பெட்ரோல் இன்ஜெக்டர்களையும் பூட்டுவதற்கு முன் அப்படியே ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்திற்குத் தெளிக்கவிட்டு அளக்க வேண்டும். அளவு ஒத்துவராததை மாற்றிய பிறகே பூஸ்ட் ஏற்றலாம்.