வீட்டு வாசலில் கத்தரிக்காய் வளர்த்தால் தினமும் 50 டாலர் அபராதமா? அமெரிக்காவின் முன்தோட்ட விதிகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில், மியாமி நகரத்தை ஒட்டி மியாமி ஷோர்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே வசித்த ஹெர்மின் ரிக்கெட்ஸ் - டாம் கரோல் தம்பதி, தங்கள் வீட்டின் முன்பக்கத்தில் 17 ஆண்டுகளாகக் காய்கறி வளர்த்து வந்தார்கள். பீட்ரூட், வெங்காயத்தாள், கீரை, முட்டைகோஸ் வகைகள் என எல்லாமே வீட்டுச் சமையலுக்குத்தான்.

2013-ல் ஊர் நிர்வாகம் விதியை மாற்றியது. காய்கறித் தோட்டம் வீட்டின் பின்பக்கத்தில் மட்டும்தான் இருக்கலாம், மீறினால் நாள் ஒன்றுக்கு 50 டாலர் அபராதம். கட்டுப்படியாகாது என்று முடிவெடுத்த தம்பதி, தாங்கள் வளர்த்த செடிகளைத் தாங்களே பிடுங்கிப் போட்டார்கள். பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள்.

அந்த விதிப்படி வாசலில் பூச்செடி வைக்கலாம். பழ மரம் வைக்கலாம். பிளாஸ்டிக் ஃப்ளெமிங்கோ பொம்மைகூட நிறுத்தலாம். காய்கறிக்கு மட்டும்தான் தடை.

வழக்கு எப்படிப் போனது? 2019-ல் வந்த புதுச் சட்டம் எதை மாற்றியது? அதற்குப் பிறகும் அதே ஃப்ளோரிடாவில் வாசலில் தக்காளி நட்டவர்களுக்கு நோட்டீஸ் வர ஏன் வாய்ப்பிருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பின்பக்கம் இடம் இருக்கே, அங்கே வளர்த்தால் என்ன?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதில் ரொம்ப எளிது: வெயில். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற செடிகள் நன்றாகக் காய்க்க தினமும் 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். ரிக்கெட்ஸ் வீட்டில் பின்பக்கம் நிழல் அதிகம், முன்பக்கம்தான் வெயில் விழும் இடம்.

பூமியின் வடபாதியில் இருக்கும் நாடுகளில் தெற்குப் பார்த்த பக்கத்துக்குத்தான் வெயில் அதிகம் கிடைக்கும். வீட்டு வாசல் தெற்குப் பார்த்து இருந்தால், செடி வைக்க நல்ல இடமும் வாசலாகத்தான் இருக்கும். விதி போடுகிறவர்கள் வீடு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

புல்தரை மேல் ஏன் இவ்வளவு பாசம்?

வீட்டின் முன்னால் பச்சைப் பசேல் என்று புல்தரை வைப்பது இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில் இருந்து வந்த பழக்கம். அங்கே அது அந்தஸ்தின் அடையாளம். இவ்வளவு நிலத்தில் எதுவும் பயிரிடாமல் சும்மா விட்டு வைக்க எனக்கு வசதி இருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் அர்த்தம்.

அமெரிக்காவில் 1869-ல் சிகாகோ அருகே ரிவர்சைடு என்ற புறநகரை வடிவமைத்தார் ஃப்ரெட்ரிக் லா ஓம்ஸ்டெட். வீடுகள் சாலையில் இருந்து 30 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. இப்படித்தான் ஒவ்வொரு வீட்டு முன்பக்கமும் சேர்ந்து, தெருவுக்கே பொதுவான ஒரு பூங்கா மாதிரி ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947 முதல் கட்டப்பட்ட லெவிட்டவுன் குடியிருப்புகளில், புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும் என்பது வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனையாக இருந்தது.

ஆனால் இதே அமெரிக்காதான், அதே உலகப் போர் காலத்தில் மக்களைக் காய்கறி வளர்க்கச் சொல்லிக் கெஞ்சியது. ‘வெற்றித் தோட்டம்’ என்று பெயர் வைத்துப் பிரசாரம் செய்தது. சுமார் 2 கோடி தோட்டங்கள் உருவானதாகவும், நாட்டின் காய்கறி விளைச்சலில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அவற்றில் இருந்து வந்ததாகவும் மதிப்பிடப்படுகிறது. வெள்ளை மாளிகையிலேயே அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் தோட்டம் போட்டார். 2009-ல் மிஷெல் ஒபாமாவும் வெள்ளை மாளிகைப் புல்தரையில் ஒரு பகுதியைத் தோண்டிக் காய்கறித் தோட்டம் அமைத்தார்.

கோர்ட் என்ன சொன்னது?

மியாமி ஷோர்ஸ் வழக்கு 2013 நவம்பரில் தொடங்கியது. ‘இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ்’ என்ற சட்ட அமைப்பு தம்பதிக்காக வாதாடியது. என் சொந்த நிலத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல், என் சாப்பாட்டை நானே வளர்ப்பதைத் தடுப்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்பதுதான் வாதம்.

2016-ல் தீர்ப்பு ஊர் நிர்வாகத்துக்குச் சாதகமாக வந்தது. 2017 நவம்பரில் மேல்முறையீட்டிலும் தம்பதி தோற்றார்கள். ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது.

எப்படி இப்படி ஒரு தீர்ப்பு? இந்த மாதிரி வழக்குகளில் நீதிமன்றம் கேட்கும் கேள்வி ரொம்பச் சின்னது. இந்த விதி நல்லதா, கெட்டதா என்று அது பார்ப்பதில்லை. இப்படி ஒரு விதி போட நியாயமான காரணம் ஏதாவது ஒன்று இருக்க முடியுமா என்று மட்டும் பார்க்கும். ஊரின் தோற்றத்தைக் காப்பாற்றுவது அப்படி ஒரு காரணம்தான் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் நீண்ட காலமாக ஏற்று வருகின்றன. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று உள்ளாட்சிகள் வரையறுப்பது செல்லும் என 1926-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2016 தீர்ப்பில் நீதிபதி ஒரு வழியும் காட்டியிருந்தார். விதி பிடிக்கவில்லை என்றால் ஊர் கவுன்சிலிடம் மனு கொடுக்கலாம், விதியை நீக்குவோம் என்று சொல்கிற வேட்பாளரை ஆதரிக்கலாம் என்பதுதான் அது. கடைசியில் தீர்வு வந்ததும் சட்டமன்றம் வழியாகத்தான்.

2019 சட்டம் எதை மாற்றியது?

செனட்டர் ராப் பிராட்லி கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2019 ஜூன் 24 அன்று கையெழுத்திட்டார். ஜூலை 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. முக்கிய அம்சங்கள் இவை:

* குடியிருப்பு நிலங்களில் உள்ள காய்கறித் தோட்டங்களை மாவட்டமோ, நகராட்சியோ, ஊர் நிர்வாகமோ கட்டுப்படுத்தக் கூடாது.
* ஏற்கெனவே அப்படி உள்ளாட்சி விதி இருந்தால் அது செல்லாது.
* மனிதர்கள் சாப்பிடுவதற்காக வளர்க்கப்படும் மூலிகை, பழம், பூ, காய்கறி எல்லாமே ‘காய்கறித் தோட்டம்’ என்ற கணக்கில் வரும்.
* வறட்சிக் காலத் தண்ணீர்க் கட்டுப்பாடு, உரப் பயன்பாடு, ஆக்கிரமிப்புச் செடிகள் தொடர்பான பொது விதிகள் தொடரும். அவை எல்லோருக்கும் ஒன்றுதான், தோட்டத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது.

ஆறு ஆண்டுக்குப் பிறகு ரிக்கெட்ஸ் தம்பதி வாசலில் மறுபடியும் செடி நட்டார்கள்.

அப்புறமும் எப்படி நோட்டீஸ் வரும்?

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மேலே சொன்ன சட்டம் கட்டுப்படுத்துவது அரசு அமைப்புகளை மட்டும்தான். அமெரிக்காவில் வீட்டு முன்பக்கத்துக்கு விதி போடும் இன்னொரு அமைப்பு உண்டு. அதுதான் வீட்டு உரிமையாளர் சங்கம். நம்ம ஊர் அபார்ட்மென்ட் அசோசியேஷன் மாதிரி, ஆனால் அதைவிட அதிகாரம் கூடியது. 7 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் இப்படிச் சங்கங்களுக்கு உட்பட்ட குடியிருப்புகளில் வசிக்கிறார்கள்.

சங்கத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? வீடு வாங்கும்போது ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்த நிபந்தனைகளில் இருந்து. எந்த நிறத்தில் பெயின்ட் அடிக்கலாம், புல் எவ்வளவு உயரம் வளரலாம் என்பதுவரை அதில் இருக்கும். வாங்கும் அவசரத்தில் பலர் அதை முழுசாகப் படிப்பதே இல்லை. ஊர் விதியை எதிர்த்து அரசியல் சாசனத்தைக் காட்டி வழக்குப் போடலாம். ஆனால் தானே ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை எதிர்த்து அதே வாதத்தை வைப்பது மிகவும் கடினம்.

2024-ல் ஃப்ளோரிடா இன்னொரு படி முன்னேறியது. தெருவில் இருந்தோ பக்கத்து வீட்டில் இருந்தோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காய்கறித் தோட்டம் இருந்தால் சங்கம் தடுக்க முடியாது என்று சட்டத்தில் சேர்க்கப்பட்டது. கவனியுங்கள், கண்ணுக்குத் தெரியாத இடம். வாசல் தோட்டம் இன்னமும் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

மற்ற இடங்களில் என்ன நிலவரம்?

கலிஃபோர்னியா: சங்கத்துக்கு உட்பட்ட வீடாக இருந்தாலும் பின்பக்கத்தில் சொந்தத் தேவைக்குப் பயிர் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. 2014-ல் நிறைவேறிய சட்டம் இது. இங்கேயும் பாதுகாப்பு பின்பக்கத்துக்கு மட்டும்தான்.

இல்லினாய்: ஃப்ளோரிடாவைத் தொடர்ந்து காய்கறித் தோட்டம் போடும் உரிமைக்கான சட்டம் இங்கே 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது.

மெய்ன்: 2021 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், தனக்கு வேண்டிய உணவை வளர்க்கவும் உண்ணவும் உள்ள உரிமையை மக்கள் மாகாண அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாகாணம் இதுதான்.

மிச்சிகன்: ஓக் பார்க் நகரில் 2011-ல் வாசலில் காய்கறிப் பாத்தி போட்ட ஒரு பெண் மீது வழக்கு பாய்ந்தது. 93 நாள்வரை சிறைத் தண்டனை கிடைக்கும் என்ற நிலை. வாசலில் ‘பொருத்தமான’ செடிகள் இருக்க வேண்டும் என்றது நகர விதி. காய்கறி பொருத்தமானதா, இல்லையா என்பதில்தான் சண்டை. செய்தி நாடு முழுக்கப் பரவியதும் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

லாஸ் ஏஞ்சலிஸ்: நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே உள்ள மண்ணில் காய்கறி நட்ட ரான் ஃபின்லிக்கு நகர நிர்வாகம் நோட்டீஸ் அனுப்பியது. மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். பின்னர் நகரம் விதியைத் தளர்த்தியது.

கனடா: கியூபெக் மாகாணத்தின் ட்ரம்மண்ட்வில் நகரில் 2012-ல் இதே போல் ஒரு தம்பதியின் வாசல் தோட்டத்துக்கு எதிர்ப்பு வந்தது. மக்கள் ஆதரவு திரண்டதும் நகராட்சி இறங்கி வந்தது.

புகார் சொல்கிறவர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. பழுத்து விழும் காய்களுக்கு எலி வரும். அறுவடை முடிந்து பனிக்காலம் வந்தால் காய்ந்த குச்சிகள் மட்டும் நிற்கும். எருவின் வாடை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும். தெரு முனையில் உயரமாக வளரும் சோளம், வண்டி ஓட்டுகிறவரின் பார்வையை மறைக்கும். வீட்டை விற்க நினைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு விலை குறையுமோ என்ற கவலையும் இருக்கும். நாற்பது வருஷம் உழைத்துக் கடன் கட்டிய ஒருவருக்கு அந்தக் கவலை சின்ன விஷயம் கிடையாது.

ஆனால் எலி, வாடை, பார்வை மறைப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விதி போட முடியும். செடி இத்தனை அடிக்கு மேல் வளரக் கூடாது, சாலையில் இருந்து இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், காய்ந்ததை அகற்ற வேண்டும் என்று சொன்னாலே போதும். பராமரிக்காத பூந்தோட்டத்துக்கும் அதே விதி பொருந்தும். காய்கறிக்கு மட்டும் மொத்தமாகத் தடை போடும்போதுதான் கேள்வி எழுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை

அங்கே வேலைக்குப் போய் வீடு வாங்கும் தமிழர்கள் பலர் வெண்டை, புடலை, கீரை என்று விதை வாங்கி வைத்திருப்பார்கள். மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் இதையெல்லாம் பார்த்துவிடுவது நல்லது.

1. வீடு சங்கத்துக்கு உட்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் மாகாணச் சட்டத்தை விட ஒப்பந்த நிபந்தனைதான் முதலில் உங்களைப் பிடிக்கும். வாங்கும் முன்பே அந்த ஆவணத்தைக் கேட்டுப் படியுங்கள்.

2. சங்கம் இல்லை என்றால் நகராட்சியின் நிலப் பயன்பாட்டு விதியைப் பாருங்கள். அனுமதியை வாய்வார்த்தையாக வாங்காமல், எழுத்தில் வாங்குங்கள்.

3. நடைபாதையை ஒட்டிய மண் பெரும்பாலும் உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட இடமாக இருக்காது. அதற்குத் தனி விதி உண்டு.

4. தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பூமிக்கடியில் கேஸ் குழாய், மின்சார கேபிள் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து அடையாளம் போட்டுக் கொடுப்பார்கள்.

5. 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் மண்ணைப் பரிசோதியுங்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருந்தது. சுவரை ஒட்டிய மண்ணில் அது தங்கியிருக்கலாம். சந்தேகம் என்றால் மரப்பெட்டி கட்டி, புது மண் நிரப்பி நடுவது பாதுகாப்பு.

6. கறிவேப்பிலை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் ஒரு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். அதனால் ஃப்ளோரிடா போன்ற மாகாணங்களில் இருந்து செடியை வேறு மாகாணத்துக்கு எடுத்துப் போகக் கட்டுப்பாடு இருக்கிறது. ஃப்ரெண்டு வீட்டில் இருந்து கன்று கொண்டுவரும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

7. நோட்டீஸ் வந்துவிட்டால் அதை ஒதுக்கி வைக்காதீர்கள். அபராதம் நாள் கணக்கில் ஏறும். பதில் சொல்லக் கொடுத்திருக்கும் கெடு தேதியை முதலில் பாருங்கள். எந்த விதியின் கீழ் நோட்டீஸ் என்று எழுத்தில் கேளுங்கள்.

சங்க விதியை மாற்றவும் வழி உண்டு. உறுப்பினர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்து, தேவையான வாக்குகளைப் பெற்றால் நிபந்தனையைத் திருத்தலாம். அந்த வாக்கைப் போடப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். முதல் அறுவடையில் நாலு தக்காளியை அவர்கள் வீட்டுக்கும் கொடுத்து வைப்பது நல்லது.