பீலிக்கரையிலிருந்து நாலுக்கு ஆறு வரை

அலவத்துகொடையில் எங்க வீட்டு பாத்ரூம் நாலடிக்கு ஆறடி. கதவு உள்பக்கமாகத் திறக்கும், திறந்தால் நீலப் பெரலில் இடிக்கும். பெரலைச் சுற்றி ஒருக்களித்துப் போனால்தான் குந்துகிற பீங்கான். போன வருசம் அம்மாயிக்கு முழங்கால் விட்டுப்போனது. கைத்தடியோட உள்ளே போனால் கதவைச் சாத்த இடமில்லை. ஒரு நாள் கதவைச் சாத்தாமலேயே குளிச்சாங்க, நாங்கள் குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றோம். அன்று இரவே வீட்டில் முடிவாச்சு: இதை உடைச்சுக் கட்டணும்.

கலைப்பீடத்துக்குப் போகிற ஆட்கள் வீட்டில் இருந்தால் இதுதான் தொல்லை. மேசன் பாஸ் அளவெடுக்க வரும் முன்னமே, "இது ஏன் இவ்வளவு சின்னது?" என்று தோண்டத் தொடங்கிட்டோம். காணி சின்னது, காசு இல்லை என்பது உடனே வந்த பதில். ஆனால் குசினி அவ்வளவு சின்னதில்லை, இஸ்தோப்பும் அப்படியில்லை. இது மட்டும் ஏன்?

கொஞ்சம் பின்னால் போகணும். கண்டி - மாத்தளை பாதையில், பலகடுவ ஏற்றத்துக்குக் கீழே இருக்கிறது எங்க ஊர். 1830களில் கோப்பித் தோட்டங்கள் பெருகினபோது, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் நடந்து, மாத்தளை தாண்டி கண்டிப் பக்கம் வந்த ஆட்கள் இந்த மலை இடுக்கால்தான் வந்திருக்கணும். வந்தவர்களுக்குக் கிடைத்தது லயம். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பொதுவாக 10 அடிக்கு 12 அடி. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அந்த 120 சதுர அடிக்குள். கக்கூஸ் அந்தக் கணக்கிலேயே இல்லை, செடி மறைவுதான். (காம்பரா போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல், கக்கூஸ் ஒல்லாந்தர் விட்டுப்போனது. வெள்ளைக்காரத் தொரை கட்டிக்கொடுத்தது முதலாவதை மட்டும்.)

கக்கூஸ் வந்தது புழுவால். கொக்கிப்புழுவின் குஞ்சு மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறிப்போய், மலை ஏற முடியாமல் ஆவார். 1912இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், கூடவே மலகூடம் கட்டச் சொன்னார்கள். காரணம் எளிது: மருந்து குடித்தவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் புழு திரும்பி வரும். தோட்டங்களுக்கு அந்தச் செலவு இனிக்கவில்லை. கட்டின இடங்களிலும் லயத்துக்குத் தள்ளி, வரிசையாக, பல குடும்பத்துக்குப் பொதுவாகவே இருந்தது. ஒரு ஆள் குந்தி எழும்ப எவ்வளவு தேவையோ அவ்வளவு இடம், ஒரு அங்குலமும் கூட இல்லை.

ஆனால் குளிப்பு அங்கே இல்லை. குளிப்பு பீலியில். மலையிலிருந்து இறங்குகிற ஊற்றை ஒரு மூங்கிலோ தகரமோ வைத்து விழவிட்டால் அதுதான் பீலி. மேலே வானம், சுற்றிலும் ஆட்கள், துணி தோய்க்கிற சத்தம், ஊர்வம்பு. பொம்பளைகளுக்கு அதில் சங்கடம் இல்லாமலில்லை. நெஞ்சுக்கு மேல் கட்டின பாவாடையோடு குளிக்கணும், ஆம்பளைகள் வருவதற்குள் முடிக்கணும். அதை நாங்கள் மறைக்கப் போவதில்லை. இடம் மட்டும் தாராளம்.

இங்கேதான் எங்களுக்கு விடை கிடைத்தது. தாத்தா தோட்டத்தை விட்டு வந்து இந்த வீட்டைக் கட்டினபோது பின்னால் தனியாக ஒரு கக்கூஸ் கட்டினார். அவருக்குத் தெரிந்த அளவு தோட்டத்து அளவுதான். பிறகு குசினிக் கூரையை இழுத்து அதோடு ஒட்டினார்கள். அது வீட்டுக்குள் வர முடிந்ததே பீங்கானுக்குக் கீழே இருக்கிற வளைந்த குழாயால். அந்த வளைவில் தேங்கி நிற்கிற தண்ணி நாற்றத்தை மேலே விடாது. லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் அதற்குக் காப்புரிமை வாங்கினது 1775இல். எங்க வீட்டுக்கு அது வந்து சேர இருநூறு வருசத்துக்கு மேல். அப்புறம் பைப் தண்ணி வந்தது, பீலிப் பக்கம் போவது நின்றது, குளிப்பும் இதற்குள்ளேயே நுழைந்தது. அதாவது எங்களிடம் இருந்தது சின்ன பாத்ரூம் இல்லை. கக்கூஸ் அளவுக்குள் பீலிக்கரையைத் திணித்து வைத்திருந்தோம்!

கண்டியில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. வாவிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பழைய கட்டடத்தை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க. அது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்து ராணிகளின் குளியல் மண்டபம். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, மேலே ஒரு மாடி எழுப்பி நூலகமாக்கினார்கள். பிறகு அது பொலிசிடம் போனது. ராணி குளித்த இடத்துக்குள் ஒரு நூலகம் அடங்கியிருக்கிறது. எங்க பாத்ரூமுக்குள் ஒரு கைத்தடி அடங்கவில்லை.

பெருசாக்கக் காணியில்லை. அப்போதுதான் ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு வீடு ஞாபகம் வந்தது. பகத்தல வீதிக்குப் பக்கத்தில், 33ஆம் ஒழுங்கையில், வரிசையாக ஒட்டியிருந்த 4 சின்ன வீடுகளை 1950களின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வீடாக்கினார். நெருக்கமான அந்த மனையில் அங்கங்கே கூரையைத் திறந்து வெளிச்சத்தை இறக்கினார். அவரிடம் காசு இருந்தது, அது வேற கதை. ஆனால் வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் சுவர் தள்ளிப்போன மாதிரி இருக்கும் என்கிற விசயத்துக்குக் காசு தேவையில்லை. எங்களுக்கு ஒரு கண்ணாடித் தகரம் போதுமாயிருந்தது. அஸ்பெஸ்டஸ் சீட்டில் ஒன்றைக் கழற்றி அதைப் போட்டோம்.

பெரிய மாற்றத்தைச் செய்தது கதவு. அதே கதவு, பிணைச்சலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைத்தோம். பெரல் வெளியே போனது, கூரைக்கு மேலே ஒரு டேங்க். பேசனைக் கதவுக்கு வெளியே சுவரில் மாட்டினோம். பீங்கானுக்குப் பதிலாக கொமட், பக்கத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பி. டைல்ஸில்தான் சண்டை. கடையில் பளபளப்பான கருநீலத்தைக் காட்டி ஆசை மூட்டினார்கள், அம்மாவும் மயங்கிட்டாங்க. கடைசியில் வெளிர் மணல் நிறம். சொரசொரப்பானது நிலத்துக்கு, அதே நிறத்தில் வழவழப்பானது சுவருக்கு. நிலமும் சுவரும் எங்கே பிரிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாததால் அறை நீண்ட மாதிரி தெரியும். ஒரு பிழையும் நடந்தது: வாட்டம் சரியாக வரவில்லை, தண்ணி கதவடியில் தேங்கியது. இரண்டு வரிசை டைல்ஸ் கழற்றித் திரும்பப் பதிக்க வேண்டியதாயிற்று. நாங்கள் ஒரு வாளி தண்ணி ஊற்றிப் பார்க்காமலே காசைக் கொடுத்துவிட்டோம். நீங்க ஊற்றிப் பாருங்க.

இதை எழுதும்போது கூச்சமாகவும் இருக்கிறது. பெரியம்மா இன்னும் லயத்தில்தான். தோட்டங்களில் இந்திய உதவியோடு கட்டுகிற 550 சதுர அடி வீடுகளில் கக்கூஸ் சேர்ந்தே இருக்கிறது. அது அவங்க பக்கம் இன்னும் வரவில்லை. இரவில், மழையில், டோர்ச் பிடித்துக்கொண்டு படி இறங்கித்தான் போறாங்க. எங்க பாத்ரூமைப் பார்க்க வந்தவங்க டைல்ஸைத் தொட்டுக்கூடப் பார்க்கல. "கதவுக்கு உள்ளால கொண்டி இருக்கா?" என்றுதான் கேட்டாங்க.

அம்மாயிக்கு ஷவர் பிடிக்கவில்லை, தூறல் மாதிரி இருக்காம். பாஸிடம் சொல்லி, தலைக்கு மேலே ஒன்றரை அங்குல பைப்பை வெறுமனே வளைத்து விட்டோம். தண்ணி தடித்து ஒரே வீச்சாக விழுகிறது. கம்பியைப் பிடித்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு அரை மணித்தியாலம் குளிக்கிறாங்க. டேங்க் காலியாகுது என்று அம்மா தினமும் சத்தம் போடுறாங்க. பலா இலை விழுந்து கண்ணாடித் தகரத்தை மறைத்தால் மட்டும் உள்ளேயிருந்து குரல் வரும்: "அடியே, யாராவது ஏறி அதைத் தட்டி விடுங்கடி."