கடல்மேற் செல்லும் பாதை

ஈழத்தின் கடனீரேரிகளிலும் தீவுகளுக்கிடையிலும் வண்டிகளையும் மக்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையை மக்கள் 'பாதை' என்று வழங்குவர். படகு என்னாது பாதை என்றது பொருள் நிறைந்த பெயராகும். தெருவானது நீர்க்கரையோடு முடிந்துவிடாமல், நீரின் மேலும் தொடர்ந்து சென்று அக்கரைத் தெருவோடு பொருந்துகின்றது என்னுங் கருத்து அப்பெயரில் அடங்கியிருக்கின்றது. இக்கருத்தை அலையெறியும் பெருங்கடலிலே நிறைவேற்ற மேனாட்டார் நூறாண்டுகளுக்கு மேலாக முயன்றனர். அவர்கள் வெற்றியுங் கண்டனர். அதற்குப் பெருவிலையுங் கொடுத்தனர்.

இன்று இங்கிலாந்தின் டோவர்த் துறைமுகத்திலே, படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்த பெரிய வீட்டு வண்டியைச் சாரதி தாமே கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டிச்செல்கின்றார். ஒன்றரை மணி நேரத்தில் பிரான்சின் கலே நகரிலே கரையேறித் தம் வழியே போகின்றார். இத்துணை எளிதாகத் தோன்றும் இச்செயல் ஒரு காலத்திற் கனவிலும் நினைத்தற்கரியதாய் இருந்தது.

முதலில் இவ்வாறு கடல் கடந்தவை புகைவண்டிப் பெட்டிகளே. ஸ்கொட்லாந்தின் போர்த் கழிமுகத்திலே, 1850ஆம் ஆண்டில், 'லெவயதன்' என்னுங் கப்பல் சரக்குப் பெட்டிகளைத் தன் தளத்திலிருந்த தண்டவாளங்களில் ஏற்றிச் சென்றது. கடல்நீர் ஏறியும் இறங்கியும் நிற்குமாதலால், கரைக்குங் கப்பலுக்கும் இடையே உயர்த்தவுந் தாழ்த்தவுங்கூடிய சாய்தளத்தைத் தோமஸ் பௌச் என்னும் பொறியியலாளர் அமைத்தார். வண்டிக் கப்பலின் உயிர்நிலை இச்சாய்தளமே.

மோட்டார் வண்டிகளுக்கு அந்த வாய்ப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஆங்கிலக் கால்வாயைக் கடக்க விரும்பியவர் தம் வண்டியின் பெற்றோலை வடித்துவிட்டு, பாரந்தூக்கி அதனை வலையிலே கட்டி அந்தரத்தில் தூக்கும்போது கரையிலே கலங்கி நிற்பார். கட்டணமும் மிகுதியாயிருந்தது. 1928ஆம் ஆண்டில் கப்டன் ஸ்டுவர்ட் டவுன்சென்ட் என்பவர் 'ஆர்ட்டிபிசர்' என்னுஞ் சிறு நிலக்கரிக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, பதினைந்து வண்டிகளை ஒருமுறையிற் கொண்டுசெல்லலானார். கட்டணங் குறைந்தது, ஆயினும் பாரந்தூக்கி ஒழியவில்லை.

அதனை ஒழிப்பதற்கு வழிகாட்டியது போர். இரண்டாம் உலகப்போரிலே தாங்கிகளை நேரே கடற்கரையில் இறக்குதற்காக, முகப்பிற் கதவு கொண்ட கப்பல்கள் கட்டப்பட்டன. போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், பிராங் பஸ்டார்ட் என்பவர் அத்தகைய மூன்று கப்பல்களைப் பெற்று வணிகத்தில் ஈடுபடுத்தினார். 1951இல் கலேயிலும் 1953இல் டோவரிலும் வண்டிகள் ஓடியேறுதற்கான சாய்தளங்கள் அமைந்தன. பாதை கடலிலும் தொடர்ந்தது.

ஆனால் வண்டி ஓடிவருவதற்குக் கப்பலின் உட்புறம் தடுப்புச் சுவரற்ற நீண்ட மண்டபமாய் இருத்தல் வேண்டும். இதிலேதான் ஆபத்து ஒளிந்திருந்தது. அகன்ற தாம்பாளத்திலே சிறிது நீரை ஊற்றி ஏந்திச் செல்பவர், தட்டு இம்மியளவு சாய்ந்தாலும் நீர் முழுவதும் ஒருபுறம் ஓடிச் சாய்வை மிகுவிப்பதைக் காண்பார். வண்டித்தளத்தில் நீர் புகுந்த கப்பலின் நிலையும் அதுவே.

1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் தேதி, ஸ்கொட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குப் புறப்பட்ட 'பிரின்சஸ் விக்டோரியா' கப்பலின் பின்கதவுகளைப் புயலலைகள் உடைத்தன. வண்டித்தளத்திற் புகுந்த நீர் வெளியேறப் போதிய வழியில்லை. நூற்று முப்பதின்மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தோருள் ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ இல்லை.

1987ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் தேதி, பெல்ஜியத்தின் சீபுரூகே துறைமுகத்திலிருந்து 'ஹெரல்ட் ஒவ் பிரீ என்டர்பிரைஸ்' என்னுங் கப்பல் முகப்புக் கதவுகள் திறந்தபடியே புறப்பட்டது. கதவு மூடப்பட்டதா என்பதைக் கப்பற்றலைவருக்கு அறிவிக்கும் விளக்கு அங்கு இல்லை. சில நிமிடங்களில் அது கவிழ்ந்து 193 உயிர்கள் பறிபோயின. அத்தகைய விளக்கு வேண்டுமென முன்னரே கேட்கப்பட்டும் அது பொருத்தப்படாதிருந்தமை விசாரணையில் வெளிவந்தது. 1994ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் தேதி, தாலினிலிருந்து ஸ்டொக்ஹோமுக்குச் சென்ற 'எஸ்தோனியா' பால்டிக் கடலில் முகப்புக் கவசம் பெயர்ந்து மூழ்கியபோது 852 பேர் இறந்தனர்.

இவற்றின் பின்னரே உலகம் விழித்தது. கதவுகளின் நிலையைக் காட்டும் விளக்குகளும் கண்காணிப்புக் கருவிகளும் கட்டாயமாயின. வடமேற்கு ஐரோப்பாவின் நாடுகள் 1996ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோம் உடன்பாட்டினாலே, வண்டித்தளத்தில் அரை மீற்றர் வரை நீர் நின்றாலும் கப்பல் கவிழாதிருத்தல் வேண்டுமென விதித்தன. கப்பலையுங் கம்பனியையும் ஒருங்கே பொறுப்பாக்கும் பாதுகாப்பு நெறி 1998 முதல் பயணிகள் கப்பல்களுக்குக் கட்டாயமாயிற்று.

வீட்டு வண்டியோடு வருபவருக்கு இன்று பல கட்டுப்பாடுகள் உண்டு. பின்னே கட்டிய துவிச்சக்கரவண்டியையும் கூரைமேற் பெட்டியையுஞ் சேர்த்து நீளமும் உயரமும் முன்கூட்டியே கூறல் வேண்டும். தளங்களின் உயரம் ஒருபடித்தாய் இராமையே அதற்குக் காரணம். கடல்நீர் வற்றிய வேளையிற் சாய்தளஞ் செங்குத்தாகுமாதலால், பின்புறம் நீண்ட வண்டி நிலத்தில் உரசாதபடி மெல்லச் செலுத்தல் வேண்டும். சமையல் வாயுவின் உருளை மூடப்பட வேண்டும்; கைத்தடை இறுகப் பூட்டப்பட வேண்டும். அனைத்துக்கும் மேலாக, தமக்கென்று படுக்கையறை அவ்வண்டியில் இருந்தும், அதைவிட்டு மேற்றளத்துக்கு ஏறிச்செல்லல் வேண்டும்.

சொந்த வீட்டைக் கூடவே கொண்டுவந்தும் அதில் இருக்கலாகாதா எனச் சிலர் சலித்துக்கொள்வர். நீர் முதலிற் புகும் இடமும், கவிழ்கையில் வண்டிகள் ஒன்றின்மேலொன்று சரியும் இடமும் அவ்வண்டித்தளமே என்பதை அவர் எண்ணிப் பார்ப்பாராயின் சலிப்பு நீங்கும். பாதை என்று பெயர் பெற்றாலும் கப்பல் தெருவாகிவிடாது. அதன் அடியிற் கிடப்பது கடல். அதனை மறந்த நாட்களின் கணக்கே மேலே கூறிய மரணக் கணக்கு.