டிரம்மிலிருந்து டிஸ்க்கிற்கு: ஜாகுவார் எக்ஸ்கே 120 மகிழுந்தின் பிரேக் மாற்றமும் வரலாற்றுச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

1948இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்கே 120 மகிழுந்தைப் பேணும் உரிமையாளர் பலர், அதன் டிரம் பிரேக்குகளை அகற்றி டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்துகின்றனர். இச்செயல் பழம்பொருளைச் சிதைப்பதா, அதன் வரலாற்றைத் தொடர்வதா என்னும் வினாவை அந்நிறுவனத்தின் பிரேக் வளர்ச்சியின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜாகுவார், டிஸ்க் பிரேக், லெ மான், தொழில்நுட்ப வரலாறு, மரபுப் பேணல்.

வேகமும் வெப்பமும்

எக்ஸ்கே 120 என்னும் பெயரிலுள்ள எண், மணிக்கு 120 மைல் (193 கி.மீ.) என்னும் வேகத்தைக் குறிப்பது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இது வியப்புக்குரிய வேகம். ஆனால் வண்டியின் வேகம் இருமடங்கானால் அதனை நிறுத்தும்போது தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். எஞ்சின் பெற்ற வளர்ச்சியைப் பிரேக் பெறவில்லை.

டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை ஷூக்கள் விரிந்து அழுத்துகின்றன. சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்குவதால் காலின் சிறு விசையே போதும். இதுவே அதன் சிறப்பு. சூடேறிய டிரம்மோ ஷூவை விட்டு விலகி விரிகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. பெடல் கீழே செல்லச் செல்ல வண்டி நிற்க மறுக்கிறது. சக்கரங்களை மூடிய எக்ஸ்கே 120இன் அழகிய உடலமைப்பு, காற்றோட்டத்தைத் தடுத்து இக்குறையை மிகுவித்தது. வடிவழகைப் போற்றும் நூல்கள் இதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

பந்தயக் களத்தில் டிஸ்க்

டிஸ்க் பிரேக் புதிய கருத்தன்று. ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் வானூர்திகளில் பயன்பட்ட பின்னரே டன்லப் நிறுவனம் அதனை மகிழுந்துக்கு ஏற்பச் செம்மைப்படுத்தியது. ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டீவிஸ் இம்முயற்சியில் பெரும்பங்காற்றினார். 1952ஆம் ஆண்டின் மில்லே மில்லியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய சி-டைப் வண்டியில் அவரும் உடன் சென்றார். அவ்வண்டி பந்தயத்தை முடிக்கவில்லை. ஆனால் 1953இல் லெ மானின் 24 மணி நேரப் பந்தயத்தை டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் டிஸ்க் பிரேக் பொருத்திய சி-டைப் வண்டியில் மணிக்கு ஏறக்குறைய 170 கி.மீ. சராசரி வேகத்தில் வென்றனர். நீண்ட நேர்பாதையின் இறுதியில் பிறரைவிடத் தாமதமாகப் பிரேக்கை அழுத்தும் துணிவை இவ்வமைப்பு அவர்களுக்கு அளித்தது.

1955ஆம் ஆண்டு லெ மான் பேரிடரைப் பற்றி இங்கு ஒன்று கூற வேண்டும். எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அவ்விபத்தை, ‘டிஸ்க் வண்டி சட்டென நின்றது, பின்வந்த டிரம் வண்டிகளால் நிற்க இயலவில்லை’ என்று சுருக்கிக் கூறுவோர் உளர். ஹாதார்னின் ஜாகுவாரில் டிஸ்க்கும், லெவேயின் மெர்சிடிஸில் டிரம்மும் இருந்தமை உண்மையே. ஆயின் ஜாகுவாரை அடுத்து வந்து விலக நேர்ந்த மாக்லினின் ஆஸ்டின்-ஹீலி 100எஸ் வண்டியும் டிஸ்க் பிரேக் உடையதே. எனவே அக்கூற்று முழுமையானதன்று.

மாற்றத்தின் தன்மை

1957இல் வெளிவந்த எக்ஸ்கே 150இல் டன்லப் டிஸ்க்குகள் நான்கு சக்கரங்களுக்கும் வந்தன. ஆகவே எக்ஸ்கே 120இல் டிஸ்க் பொருத்துவோர், நிறுவனம் தானே சென்ற வழியில்தான் செல்கின்றனர் என வாதிடுவர். இவ்வாதத்தை ஓரளவே ஏற்க இயலும். அந்நிறுவனம் ஏன் டன்லப்பை நாடியது என்பதற்கு அந்த டிரம்களே நேர்ச்சான்று; அவை பழைய இரும்பாக விற்கப்பட்டால் அச்சான்று மறையும். மறுபுறம், இன்றைய நெடுஞ்சாலையில் முன்செல்லும் வண்டி நொடியில் நிற்க, மரபின் பெயரால் உயிரைப் பணயம் வைக்குமாறு எவரையும் கோர இயலாது.

இம்மாற்றம் உதிரிப்பாகம் ஒன்றை மாற்றும் எளிய வேலையுமன்று. டிஸ்க்கில் தானே இறுகும் தன்மை இல்லாததால் கூடுதல் விசை வேண்டும். சி-டைப்பில் அதற்கெனக் கியர்பெட்டியால் இயங்கும் பம்பு ஒன்று இருந்தது. இன்று வெற்றிட பூஸ்டர் அப்பணியைச் செய்கிறது. முன்சக்கரங்களை மட்டும் மாற்றி, மிகுந்த அழுத்தத்தைப் பின் டிரம்களுக்கும் அப்படியே விட்டால் அவை முதலில் இறுகி வண்டி சறுக்கும். டிரம் அமைப்புக்குரிய மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு இருக்கும். ஷூக்களைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங்குகள் டிஸ்க்கில் இல்லாமையால், அவ்வால்வை அகற்றாவிடில் பேடுகள் ஓயாது உரசிச் சூடேறும். பாதுகாப்பின் பெயரால் செய்த மாற்றமே பாதுகாப்பைக் கெடுத்துவிடும்.

பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பின் டூரின் சாசனம், மாற்றங்கள் மீளத்தக்கனவாகவும் பதிவு செய்யப்பட்டனவாகவும் அமைய வேண்டும் என்னும் நோக்குடையது. புதிய துளையிடாமல், பழைய போல்ட் இடங்களிலேயே பொருந்தும் டிஸ்க் அமைப்பு இந்நோக்கிற்கு இசைவானது. அச்சை அறுத்து ஒட்டும் வேலை இசைவற்றது. கழற்றிய டிரம், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றை வண்டியின் எண்ணும் கழற்றிய நாளும் எழுதிய பெட்டியில் இட்டு, வண்டி கைமாறும்போது அதனோடு சேர்த்தே கொடுப்பது உரிமையாளரின் கடமையாகும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலால், அவற்றைக் காற்றால் ஊதித் துடைக்காமல் உறையிலிட்டு மூடி வைத்தல் வேண்டும்.