பூச்சி பழனிமலையில், பெயர் மார்ல்பரோவில்

பழனிமலையின் சிறு அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எட்வர்ட் மெய்ரிக் இங்கிலாந்தில் மார்ல்பரோ கல்லூரி என்ற பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் நடத்தியவர். பாடவேளை போக மிஞ்சிய நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களை விவரித்தார். கொடைக்கானலில் விலங்கியல் நடத்தும் எனக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, பொறாமையும் உண்டு.

பூச்சிகளைப் பிடித்து அனுப்பியவர்கள் வேறு ஆட்கள். சமவெளி வெயில் தாங்காத மிஷனரிகள் 1845 முதலே கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். கடப்பைப் பக்கம் ஊழியம் செய்த லண்டன் மிஷன் பாதிரியார் டபிள்யூ. ஹெச். காம்ப்பெல்லுக்கு அந்துப்பூச்சி சேகரிப்பதில் தனி ஈடுபாடு. மெய்ரிக்கின் குறிப்புகளில் பழனிமலை, 6000 அடி, காம்ப்பெல் என்று வரும். எங்கள் ஏரியே ஏழாயிரம் அடிக்கு நெருக்கம். அப்படியானால் அவர் பிடித்தது ஊருக்குக் கீழே, செண்பகனூர் உயரத்தில் இருக்கலாம். எந்தச் சோலை, எந்த மரம் என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லை.

இந்தப் பூச்சியைக் கையாள்வது லேசான காரியமல்ல. உடல் ஒரு சீரகத்தின் அளவுதான். விரல் பட்டால் இறக்கைச் செதில் பொடியாக ஒட்டிக்கொள்ளும், கூடவே அடையாளமும் போய்விடும். சாதாரணக் குண்டூசி நெஞ்சையே பிளந்துவிடும் என்பதால் மயிரிழை போன்ற ஊசி வேண்டும். செத்த பூச்சி விறைப்பதற்குள் நான்கு இறக்கைகளையும் விரித்து வைக்க வேண்டும். மெய்ரிக் விரித்த இறக்கைகளின் முனைக்கு முனை அளவை மில்லிமீட்டரில் குறித்து, தலை, உணர்கொம்பு, முன்னிறக்கை, பின்னிறக்கை என்று வரிசையாக நிறமும் புள்ளியும் சொல்லி, ஊர்ப்பெயரோடு முடிப்பார். வினைச்சொல்கூட மிகாத எழுத்து. 1912-இல் இதற்கென்றே ‘எக்ஸாட்டிக் மைக்ரோலெபிடாப்டெரா’ என்ற வெளியீட்டைச் சொந்தமாகத் தொடங்கினார்.

இறக்கை நரம்புகளையே அவர் பெரிதும் நம்பினார். இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்கும் முறை பரவிய பிறகும் அதை ஏற்கவில்லை. 1938-இல் அவர் மறைந்தபின், லண்டன் அருங்காட்சியகத்திலிருந்த அவருடைய மூல மாதிரிகளை கேட்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஆராய்ந்து, அந்த உறுப்புகளின் படங்களோடு 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். இன்று பெயர் சரிபார்க்க நாங்கள் புரட்டுவது அவற்றைத்தான்.

நம் பக்கத்தில் வேறு மாதிரி யோசித்தவர் பெயின்பிரிக் ஃப்ளெட்சர். சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்து, பிறகு பூசா ஆய்வு நிலையத்துக்குப் போனவர். 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி நூல் எழுதினார். மெய்ரிக்குக்குப் பூச்சி அனுப்பியவர்தான், ஆனால் அவருக்குப் பெயர் மட்டும் போதவில்லை. புழுவை வளர்த்து, அது தின்னும் இலையையும் கூடு கட்டும் விதத்தையும் எழுதிவைத்தார். பயிருக்குக் காவல் நிற்பவருக்கு அதுதானே வேண்டும்? பூம்பாறை முட்டைக்கோஸை அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். விவசாயிக்குக் கைகொடுப்பது அதன் புழுவைப் பற்றிய அறிவு.

சோலைப் பூச்சிகள் பலவற்றுக்கு மெய்ரிக் பெயர் வைத்துவிட்டார், ஃப்ளெட்சரின் வேலை பாக்கி கிடக்கிறது. சோலையும் புல்வெளியும் இருந்த இடங்களில் வாட்டிலும் பைனும் நிற்கும்போது, எந்தப் புழுவுக்கு எந்த மரம் என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? அதற்கு லண்டன் போக வேண்டாம். வனத்துறை அனுமதியும், புழுவை வளர்க்க நாலு கண்ணாடிப் புட்டியும், தினமும் இலை மாற்றும் பொறுமையும் போதும்.