வாக்கியத் தொடக்கங்கள்

மாணவர் எழுத வேண்டிய வாக்கியத்தின் முதற்பகுதியை ஆசிரியர் எடுத்துக் கொடுத்து, மீதியை மாணவரே நிறைவு செய்யும்படி விடும் கற்பித்தல் முறை வாக்கியத் தொடக்கம் எனப்படுகிறது. “கதையில் எனக்கு வியப்பளித்த இடம்…”, “அந்தப் பெண்ணின் நிலையில் நான் இருந்திருந்தால்…” என்பவை எளிய எடுத்துக்காட்டுகள். படித்ததைப் பற்றிக் கருத்து எழுதும்போதும், கட்டுரைப் பயிற்சியிலும், வகுப்பு உரையாடலிலும் இம்முறை பயன்படுகிறது. வாக்கியத்தின் முதலையும் முடிவையும் கொடுத்து நடுவில் இடம் விட்டால் அது வாக்கியச் சட்டகம். ஒரு கட்டுரை முழுமைக்கும் பத்திதோறும் தொடக்கங்களை அமைத்துத் தந்தால் அது எழுத்துச் சட்டகம்.

தமிழில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: அடியெடுத்துக் கொடுத்தல். சேக்கிழார் பெரியபுராணம் பாடத் தொடங்கியபோது தில்லையில் இறைவனே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. அருணகிரிநாதருக்கு முருகன் முதலடி தந்ததாகவும் இதே வகைக் கதை வழங்குகிறது. மறுமுனையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் வழக்கத்தில் இருந்தது. ஈற்றடியைச் சொல்லி அதில் முடியும்படி வெண்பா பாடச் சொல்வார்கள். காளமேகப் புலவரைப் பற்றிய கதைகளில் பல இப்படிப்பட்டவை. தமிழ் வகுப்பறைக்கு இந்த இரண்டாம் வகையே கூடுதலாக உதவும். அதன் காரணம் தமிழ்த் தொடரின் அமைப்பில் இருக்கிறது.

கதையைப் படித்து முடித்த ஒரு மாணவி அதைப் பக்கத்தில் இருப்பவளிடம் தங்குதடையின்றிச் சொல்வாள். அதையே எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நின்றுவிடுவாள். எழுதும்போது என்ன சொல்வது, எதை முதலில் வைப்பது, ஒற்று மிகுமா, இந்த இடத்தில் ளகரமா ழகரமா என்று எல்லாம் ஒரே நேரத்தில் மனத்தை இழுக்கின்றன. தமிழில் இன்னொரு சுமையும் சேர்கிறது. “நரி காக்காவ ஏமாத்திடுச்சு” என்று பேசும் பிள்ளை “நரி காக்கையை ஏமாற்றிவிட்டது” என்று எழுத வேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இந்தத் தொலைவை முதல் அடியிலேயே கடக்கச் சொல்வதால்தான் நன்றாகப் பேசும் பிள்ளைகள் பலர் வெற்றுத் தாளின் முன் ஊமையாகிறார்கள். எழுத்து நடையில் அமைந்த ஒரு தொடக்கம் கையில் இருந்தால், அந்த நடையிலேயே தொடர்வது எளிதாகிறது.

இம்முறையின் கோட்பாட்டு அடிப்படை உளவியலிலிருந்து வந்தது. பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் பெரியவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள பகுதியிலேயே கற்றல் நிகழ்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி கூறினார். 1976-இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 30 குழந்தைகள் மரக்கட்டைகளைக் கோத்துப் பிரமிடு கட்டுவதைக் கவனித்து, பெரியவர் தரும் உதவிக்குக் கட்டடத் தொழிலின் சொல்லைப் பெயராக வைத்தார்கள். அது நம் கொத்தனார்கள் சொல்லும் சாரம். சுவர் எழும்வரை சாரம் நிற்கும், எழுந்தபின் அவிழ்க்கப்படும். வாக்கியத் தொடக்கமும் அத்தகைய சாரமே.

வாசகர் தம் அனுபவத்தோடு பனுவலைச் சந்திக்கும்போதுதான் பொருள் பிறக்கிறது என்ற கருத்தை அமெரிக்கரான லூயிஸ் ரோசன்பிளாட் 1938-இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். வாசித்தவரின் மறுமொழிக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற அது பெரிய காரணம். மறுமொழியை எழுத்தில் கொண்டுவரும் வழியைப் பின்வந்தவர்கள் தேடினார்கள். கனடாவில் மார்லின் ஸ்கார்டமாலியாவும் கார்ல் பெரைட்டரும் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குச் சிறு அட்டைகள் கொடுத்தார்கள். “இதைவிட நல்ல கருத்து…”, “நான் இன்னும் எண்ணிப் பார்க்காத முக்கியமான ஒன்று…” என்ற பொருளில் அமைந்த தொடக்கங்கள் அவற்றில் இருந்தன. எழுதத் திட்டமிடும்போது மாணவர் ஓர் அட்டையை எடுத்து, அந்தத் தொடரை முடித்துக்கொண்டே சிந்திப்பார். தெரிந்ததை வரிசையாகக் கொட்டும் எழுத்தை, எழுதும்போதே கருத்தை மாற்றிச் செம்மைப்படுத்தும் எழுத்தாக வளர்ப்பது அவர்களின் நோக்கம். 1984-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. 1990-களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் மொரீன் லூயிஸ், டேவிட் ரே இருவரும் எழுத்துச் சட்டகங்களை உருவாக்கிப் பள்ளிகளில் பரப்பினார்கள். கல்லூரி மாணவருக்காக ஜெரால்ட் கிராஃபும் கேத்தி பர்கன்ஸ்டைனும் 2006-இல் எழுதிய கையேடு, பிறர் சொன்னதை முதலில் கூறித் தம் கருத்தைப் பிறகு வைப்பதற்கான வார்ப்புகளைத் தந்தது.

இவை அனைத்தும் ஆங்கிலத்தின் தொடரமைப்பில் பிறந்தவை. ஆங்கிலத்தில் ‘நினைக்கிறேன்’, ‘ஏனென்றால்’, ‘ஆசிரியர் கூறுகிறார்’ என்ற பொருளுடைய சொற்கள் தாம் அறிமுகப்படுத்தும் கருத்துக்கு முன்னால் நிற்கும். அவற்றை எழுதிக் கொடுத்தால் மீதி தானாக வந்து சேரும். தமிழிலோ வினைமுற்று கடைசியில் வரும். ‘என்று’, ‘என்பதால்’, ‘என்கிறார்’ ஆகியவை கருத்துக்குப் பின்னால் வரும். இதைக் கருதாமல் ஆங்கிலத் தொடக்கங்களை அப்படியே மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டினால், “நான் நினைக்கிறேன், நரி தந்திரமானது” என்ற முடமான வாக்கியத்தையே பிள்ளைகள் பழகுவார்கள். “நரி தந்திரமானது என்று கருதுகிறேன்” என்பதே தமிழ். ஆகவே இங்கே எடுத்துக் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் முடிவைத்தான்: “… என்று கருதுகிறேன், … என்ற செயல் இதற்குச் சான்று.” ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்ன மரபு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

தமிழுக்கு இயல்பான தொடக்கமும் இருக்கிறது. அது வினையெச்சம். முடியாமல் நின்று இன்னொரு வினையை எதிர்பார்ப்பதால்தான் இலக்கணம் அதற்கு எச்சம் என்று பெயரிட்டது. காக்கை, நரி, வடைக் கதையை எடுத்துக்கொள்ளலாம். வினையெச்சம் அல்லாவிட்டாலும் அதைப் போலவே முடியாமல் நிற்கும் “காக்கை பாடியதால்…” என்பதைக் கொடுத்தால் பிள்ளை விளைவைச் சொல்வான். “காக்கைக்கு நரியின் குணம் தெரிந்திருந்தும்…” என்று கொடுத்தால் புகழ்ச்சிக்கு மயங்கும் இயல்பைப் பற்றி யோசிப்பான். “காக்கை வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டிருந்தால்…” என்று கொடுத்தால் கதையையே மாற்றிப் பார்ப்பான். காரணம், முரண், கற்பனை என்ற மூன்று சிந்தனைகளை மூன்று விகுதிகள் திறந்துவிடுகின்றன. ஜூடித் ஹாக்மனும் நடாலி வெக்ஸ்லரும் 2017-இல் எழுதிய நூலில், ஒரே செய்தியை மூன்று இணைப்புச்சொற்களால் நீட்டும் பயிற்சி பெயர் பெற்றது. ஆங்கிலம் தனிச்சொற்களால் செய்வதைத் தமிழ் வினையின் ஈற்றிலேயே செய்துவிடுகிறது. பேச்சில் பிள்ளைகள் “ஏன்னா” என்று தனியாகத் தொடங்கிக் காரணம் சொல்வது இயல்புதான்; அதில் தவறில்லை. எழுத்தில் ‘-ஆல்’, ‘என்பதால்’, ‘என்பதற்காக’ ஆகியவற்றால் காரணத்தை முன்னே வைக்கவும் அவர்கள் கற்க வேண்டும்.

முடிக்கும் சொற்களைச் சிந்தனையின் கருவியாகக் கொள்வது தமிழுக்குப் புதிதன்று. வாசித்ததற்கு மறுமொழி எழுதும் மரபு தமிழில் உரைகளாக வளர்ந்தது. ‘என்றவாறு’, ‘என்பதாம்’, ‘என்பது கருத்து’ என்று முடிப்பதும், ‘என்னை?’ என்று தாமே வினவி ‘ஆகலான்’ என்று விடையைக் கட்டுவதும் உரையாசிரியர்களின் வழக்கம். பரிமேலழகரின் திருக்குறள் உரையைப் புரட்டினால் இத்தகைய முடிப்புகள் பக்கந்தோறும் தென்படும். ஓர் உரை எவ்வெவற்றைச் செய்ய வேண்டும் என்று நன்னூல் 14 கூறுகளைச் சொல்கிறது. கருத்து, உதாரணம், வினா, விடை, பயன் ஆகியவை அவற்றில் அடங்கும். இன்றைய ஆசிரியர் தம் வகுப்புக்குரிய தொடக்கங்களை வகுக்க இதைவிட நல்ல வரைபடம் தேட வேண்டியதில்லை.

பள்ளித் தேர்வுகளில் வழங்கும் குறிப்புச் சட்டகம் இதிலிருந்து வேறுபட்டது. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று அது எழுத வேண்டிய பொருளைத் தருகிறது, மொழியைத் தருவதில்லை. ‘மரங்களின் பயன்’ என்ற தலைப்பைப் பார்த்தவுடன் வாக்கியம் வந்துவிடாத மாணவருக்கு அது போதாது.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி இடம்பெற்றது. 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. பசித்துக் களைத்து வந்த வழிப்போக்கனுக்கு அன்னமய்யா உணவு கிடைக்கச் செய்யும் பகுதி. அவர் பெயருக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தத்தைக் கேட்டால், ‘பெயருக்கேற்றபடி உணவளித்தார்’ என்ற ஒற்றை வரியோடு பலர் நின்றுவிடுவர். “அன்னம் என்ற சொல்லுக்கு … என்பது பொருள். வழிப்போக்கன் … நிலையில் வந்தபோது அன்னமய்யா … . இதனால் அப்பெயர் …” என்ற சட்டகம் பெயரையும் செயலையும் இணைக்கும் படிகளைக் காட்டுகிறது. இது முதல் நிலை. அடுத்த நிலையில், “விருந்து என்றால் வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பது என்றே எண்ணியிருந்தேன், இப்பகுதியைப் படித்த பிறகு…” என்று கொடுக்கலாம். கரிசல் காட்டில், உழைப்பவர்கள் தம் உணவைப் பகிர்ந்துகொள்வதும் விருந்தோம்பலே என்ற இடத்துக்கு மாணவர் தாமாக வந்து சேர இது வழிவிடுகிறது. முதல் தொடக்கம் விடையை ஒழுங்குபடுத்துகிறது. இரண்டாவது மாணவரின் எண்ணம் மாறியதைப் பதிவு செய்கிறது. இரண்டாம் வகையே மதிப்பு மிக்கது, அமைப்பதற்குக் கடினமானதும் அதுவே.

வார்ப்பே எழுத்தாகிவிடுவது இம்முறையின் பெருங்கேடு. பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்லும் தேர்வு வினாவில் இதைக் காணலாம். திரண்ட கருத்து, மோனை, எதுகை, அணி, சந்தம் என்ற தலைப்புகளுக்குக் கீழே முன்பே மனப்பாடம் செய்த வாக்கியங்களை மாணவர்கள் இறக்கிவிடுகிறார்கள். பாடல் எதுவானாலும் ‘கற்போர் நெஞ்சைக் கவரும் வகையில்’ என்றே எழுதுகிறார்கள். பாடலைப் படிக்காமலே அரைவாசி விடையை எழுதிவிட முடிகிறது. மாணவர்மீது குற்றமில்லை, கொடுக்கப்பட்ட வார்ப்பு அப்படிப்பட்டது. தொடக்கம் நல்லதா என்று அறிய ஒரு சோதனை போதும். ஒரே நிறைவை எந்தக் கதைக்கும் எந்தப் பாடலுக்கும் எழுத முடியுமானால் அந்தத் தொடக்கத்தைக் கைவிட வேண்டும். “இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, காரணம்…” இச்சோதனையில் தோற்கும். “… என்ற வரியைப் படித்தபோது நின்றுவிட்டேன், அதில் …” வெல்லும், ஏனெனில் பனுவலைத் திறக்காமல் அதை நிரப்ப முடியாது.

வகுப்பில் கையாளும்போது பேச்சிலிருந்து தொடங்குவது பயனளிக்கும். ஆசிரியர் முதலில் தாமே ஒரு தொடக்கத்தை உரக்க நிறைவு செய்து காட்டுவார். பிடிக்காத நிறைவை அழித்துவிட்டு மறுபடி முயல்வதையும் காட்டுவார். பிறகு மாணவர்கள் இருவர் இருவராகப் பேச்சுத்தமிழிலேயே சொல்லிப் பார்ப்பார்கள். எழுத்து அதன்பின்தான். ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று தொடக்கங்களே போதும்; முப்பது தொடக்கங்கள் கொண்ட பட்டியல் வெற்றுத் தாளைப் போலவே மலைக்க வைக்கும். சிங்கப்பூரில் உள்ளதுபோல் வீட்டில் ஆங்கிலமே புழங்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தோடு சில சொற்களையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். சரளமாக எழுதும் மாணவரைத் தொடக்கத்துக்குள் கட்டிப்போடக் கூடாது. அவரை வகுப்புக்காகப் புதிய தொடக்கம் ஒன்றை உருவாக்கச் சொல்லலாம்.

உதவியை எப்போது விலக்குவது என்பதில்தான் பல வகுப்புகள் தவறுகின்றன. ஆசிரியரின் பொறுப்பு படிப்படியாக மாணவரிடம் சேர வேண்டும் என்பதை டேவிட் பியர்சனும் மார்கரெட் கேலகரும் 1983-இல் வாசிப்புக் கற்பித்தலை ஒட்டி விளக்கினார்கள். கட்டாயமாக இருந்த தொடக்கம் முதலில் விருப்பத்துக்குரியதாக வேண்டும். பிறகு சுவரில் மட்டும் இருக்க வேண்டும். கடைசியில் சுவரிலிருந்தும் இறங்க வேண்டும். ஆண்டு முழுவதும் அதே அட்டை தொங்கினால் அது சாரமாக இருப்பதில்லை, ஊன்றுகோலாகிவிடுகிறது. ஜூலையில் எழுதிய நோட்டையும் ஜனவரியில் எழுதிய நோட்டையும் ஆசிரியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக் கொடுக்காத பக்கங்களிலும் ‘-ஆல்’, ‘என்பதால்’, ‘என்று கருதுகிறேன்’ ஆகியவை மாணவரின் சொந்தக் கருத்தைத் தாங்கி வந்திருந்தால் இம்முறை பலித்திருக்கிறது.